பழைய டிராக்டருக்குப் புது ஒயரிங்: போன கரண்ட் திரும்பி வந்தாக வேண்டும்

பழைய டிராக்டரின் பானெட்டைத் திறந்ததும் பலருக்குக் கை பின்வாங்கிவிடும். எஞ்சின் பயமுறுத்தாது, ஒயர்தான் பயமுறுத்தும். நிறம் மங்கிப்போன ஒரு கற்றை. டேப் உருகிப் பிசுபிசுக்கும். நடுவில் யாரோ எப்போதோ முறுக்கிச் சேர்த்த ஒட்டுகள். எங்கே போகிறதென்றே தெரியாமல் தொங்கும் இரண்டு முனைகள். "இதைப் பிரிச்சா திரும்ப மாட்ட முடியாதுண்ணே" என்று சொல்லிப் பானெட்டை மூடிவிடுவார்கள்.

மூட வேண்டியதில்லை. வாகன ஒயரிங் செய்து பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இன்றைய கார் ஒன்றின் கதவுக்குள் ஓடும் ஒயரைவிட, 1960களின் டீசல் டிராக்டர் ஒன்றில் மொத்தமாக ஓடும் ஒயர் எளிமையானது. அதில் மின்சாரத்துக்கு உள்ள வேலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். செல்ஃப் மோட்டாரைச் சுற்ற வேண்டும், பேட்டரியைச் சார்ஜ் செய்ய வேண்டும், விளக்கை எரிக்க வேண்டும், ஹாரன் அடிக்க வேண்டும், ஒன்றிரண்டு மீட்டர்களுக்கு உயிர் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் அது ஓட மின்சாரமே தேவையில்லை. நிறுத்துவதற்கும் ஒரு குமிழை இழுத்து டீசலை அடைப்பார்கள்.

இந்தக் கட்டுரை இரண்டு வகை வாசகர்களுக்கு. சிங்கப்பூரில் லிம் சூ காங், கிராஞ்சி பக்கம் பண்ணைகளில் வேலை செய்து, அங்குள்ள பழைய வண்டியைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பும் தலையில் விழுந்தவர்கள் ஒரு வகை. இங்கே சம்பாதித்து ஊரில் ஒரு பழைய மேஸி ஃபெர்குசனையோ மஹிந்திராவையோ வாங்கிவிட்டு, அண்ணனோ தம்பியோ ஓட்ட, "லைட்டு எரியல, செல்ஃப் எடுக்கல" என்று வீடியோ காலில் கேட்கிறவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகையில் பலர் இங்கே கட்டுமானத் தளங்களில் எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவர்கள். அவர்களுக்கு ஒயர் புதிதல்ல. ஆனால் வீட்டு ஒயரிங் தெரிந்த கை டிராக்டரில் சறுக்கும் இடங்கள் சில இருக்கின்றன. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

230 வோல்ட் பழகிய கைக்கு 12 வோல்ட்

சைட்டில் 230 வோல்ட்டோடு பழகியவருக்கு 12 வோல்ட் விளையாட்டுச் சாமான் மாதிரித் தெரியும். தொட்டால் ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆனால் வோல்ட் குறைந்தால் ஆம்பியர் ஏறும். 45 வாட் விளக்கை 230 வோல்ட்டில் எரித்தால் 0.2 ஆம்பியர் போதும். அதே 45 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 3.75 ஆம்பியர் வேண்டும். ஏறக்குறைய 19 மடங்கு. டிராக்டருக்கு இரண்டு ஹெட்லைட், ஆக 7.5 ஆம்பியர். செல்ஃப் மோட்டாரின் கணக்கு தனி. டீசல் எஞ்சினைச் சுற்றும்போது அது சர்வசாதாரணமாக 200 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்.

இதனால் இரண்டு விளைவுகள். ஒன்று, ஸ்பேனர் தெரியாமல் பேட்டரியின் பிளஸ்ஸுக்கும் பாடிக்கும் குறுக்கே விழுந்தால், பேட்டரி தன்னிடம் உள்ள அத்தனை ஆம்பியரையும் அந்த ஸ்பேனர் வழியே கொட்டும். ஸ்பேனர் பழுக்கும், சில நேரம் ஒட்டிக்கொள்ளும். கையில் மோதிரமோ இரும்புப் பட்டை வாட்சோ இருந்தால் அதற்கும் அதே கதிதான். கழற்றி வைத்துவிட்டுத்தான் கிட்டப் போக வேண்டும்.

இரண்டாவது விளைவு இதைவிட முக்கியமானது. வீட்டு ஒயரிங்கில் வழியில் 1 வோல்ட் தொலைந்தால் யாருக்கும் தெரியாது. 230-இல் 1 போனால் என்ன? டிராக்டரில் இருப்பதே 12. அதில் 1 போனால் நூற்றுக்கு எட்டு போய்விட்டது. இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டைவிட வேகமாகச் சரியும். 12 வோல்ட்டுக்குச் செய்த பல்புக்கு 11 வோல்ட் கிடைத்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய கால்வாசி போய்விடும். டிராக்டர் விளக்கு மங்கலாக எரிவதற்குப் பெரும்பாலும் பேட்டரியோ பல்போ காரணமல்ல. வழியில் ஒயர் மெலிந்தோ இணைப்பு களிம்பு பிடித்தோ தின்றுவிடும் அந்த ஒரு வோல்ட்தான் காரணம்.

திரும்பும் வழி

வாய்க்காலில் விட்ட தண்ணீர் வயலில் பரவியதும் அதன் வேலை முடிந்தது. மின்சாரம் அப்படியல்ல. பேட்டரியின் ஒரு முனையிலிருந்து புறப்பட்டது விளக்கைக் கடந்து அதே பேட்டரியின் மறுமுனைக்குத் திரும்பி வந்தாக வேண்டும். திரும்பும் வழி அடைபட்டால் போகும் வழி எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

வீட்டில் திரும்புவதற்கென்று நியூட்ரல் ஒயர் தனியாக இருக்கிறது. டிராக்டரில் அந்த வேலையை வண்டியின் இரும்பே செய்கிறது. பேட்டரியின் ஒரு முனையை நேராக பாடியில் பிடித்திருப்பார்கள். விளக்குக்கு ஒரே ஒரு ஒயர் போகும். விளக்கின் கூடு பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். கரண்ட் அந்தக் கூடு, போல்ட், மட்கார்டு, ஆக்ஸில், கியர்பாக்ஸ், எஞ்சின் என்று இரும்பு வழியாகவே பேட்டரிக்குத் திரும்பும். இதைத்தான் மெக்கானிக்குகள் பாடி எர்த் என்பார்கள். பெயர் எர்த்தாக இருந்தாலும், வீட்டில் பாதுகாப்புக்காகத் தரையில் இறக்கும் எர்த்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது அன்றாடம் கரண்ட் ஓடுகிற வழி.

புதிய வண்டியில் இது நன்றாகவே வேலை செய்தது. நாற்பது, ஐம்பது வருடம் கழித்து யோசித்துப் பாருங்கள். மட்கார்டுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே துரு. அதன்மேல் இரண்டு, மூன்று தரம் அடித்த பெயின்ட். போல்ட்டுக்கு அடியில் சேறு. பானெட்டில் பொருத்திய விளக்கென்றால் அதன் கரண்ட் பானெட்டின் கீல் வழியாகத் திரும்ப வேண்டும். அந்தக் கீலோ கிரீஸும் புழுதியுமாக இருக்கும். சிங்கப்பூரின் ஈரக்காற்று இந்த வேலையை இன்னும் வேகப்படுத்தும். லிம் சூ காங் போல ஜொகூர் நீரிணையை ஒட்டிய இடமென்றால் காற்றில் உப்பும் சேரும். செம்பு இழைகள் பச்சைக் களிம்பு பூத்து, ஒயரின் உறைக்குள்ளேயே வெகுதூரம் கறுத்துப் போயிருக்கும்.

ஒரு பண்ணையில் நடந்ததைச் சொல்கிறேன். வண்டியைப் பார்த்துக்கொண்டவர் மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி. "அண்ணே, பேட்டரி புதுசு, செல்ஃப் மோட்டாரையும் கழட்டி சர்வீஸ் பண்ணியாச்சு. இன்னும் முக்கி முக்கித்தான் சுத்துது" என்றார். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் கம்பத்திலேயே வைத்தேன். மாட்டியிருந்த கிளாம்ப்பில் அல்ல, ஈயக் கம்பத்தின் தலையில். மறுமுனையை செல்ஃப் மோட்டாரின் கூட்டில் சுரண்டிய இடத்தில் வைத்தேன். இரண்டும் மைனஸ்தான், அதனால் மீட்டர் பூஜ்யம் காட்டியது. எஞ்சின் கிளம்பிவிடாமல் நிறுத்தும் குமிழை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "இப்ப செல்ஃப் அடிங்க தம்பி" என்றேன். மீட்டர் 1.9 வோல்ட்டுக்குத் தாவியது.

அந்த 1.9 வோல்ட் செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேரவே இல்லை. திரும்பும் வழியில் எங்கோ ஒரு இடத்தில் சூடாக வீணாகிக்கொண்டிருந்தது. எர்த் கேபிளை பாடியில் பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றினோம். கேபிள் முனையிலுள்ள வளையமான லக்குக்கு அடியில் சிவப்பு பெயின்ட், அதற்கும் கீழே பழைய சாம்பல் பெயின்ட், நடுவில் போல்ட்டின் மரை பட்ட இடத்தில் மட்டும் கொஞ்சம் பளபளப்பு. 200 ஆம்பியர் அந்த மரை வழியாகத்தான் நெருக்கியடித்துப் போய்க்கொண்டிருந்தது. உப்புத்தாளால் இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து, லக்கையும் தேய்த்து, பல் வாஷர் வைத்து முறுக்கி, மேலே வாசலின் தடவினோம். மறுபடி அளந்தபோது 0.2-க்கும் கீழே. செல்ஃப் சுற்றிய வேகமே வேறு.

இதில் உள்ள கணக்கு எளியது. ஒரு இணைப்பில் 0.01 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். ஹெட்லைட்டின் 7.5 ஆம்பியர் அதன் வழியே போனால் தொலைவது 0.075 வோல்ட், யாரும் கவனிக்க மாட்டார்கள். அதே இணைப்பில் செல்ஃப் மோட்டாரின் 200 ஆம்பியர் போனால் தொலைவது 2 வோல்ட். 400 வாட் சூடு அந்த ஒரு போல்ட்டடியில். அதனால்தான் "லைட் நல்லா எரியுது, அப்ப பேட்டரி கனெக்‌ஷன் சரியாத்தான் இருக்கு" என்ற வாதம் நிற்காது. ஓம் மீட்டரை வைத்தும் இந்தக் கோளாறைப் பிடிக்க முடியாது. சாதாரண மல்டிமீட்டருக்கு 0.01 ஓம் என்பது பூஜ்யம்தான். கரண்ட் ஓடும்போது வோல்ட்டை அளந்தால்தான் குட்டு வெளிப்படும்.

புதிதாக ஒயரிங் செய்யும்போது நான் பாடியை நம்புவதில்லை. ஒவ்வொரு விளக்குக்கும் கறுப்பு ஒயர் ஒன்றைச் சேர்த்தே இழுத்து, எல்லாவற்றையும் எஞ்சினில் சுத்தம் செய்த ஒரே இடத்தில் கொண்டுவந்து பிடித்துவிடுவேன். ஒயர் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். பிறகு மட்கார்டுக்கு எத்தனை தரம் பெயின்ட் அடித்தாலும் கவலையில்லை.

பச்சை என்றால் எர்த் அல்ல

இந்த இடத்தில்தான் சிங்கப்பூரில் எலக்ட்ரிக்கல் வேலை செய்பவர்கள் மிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இங்கே வீட்டு ஒயரிங்கில் பிரவுன் லைவ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கோடு போட்டது எர்த். பழைய கட்டடங்களில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல்.

பிரிட்டனில் தயாரான பழைய டிராக்டர்களில், வாகன மின்சாதனங்கள் செய்த லூகாஸ் நிறுவனத்தின் நிறமுறைதான் பெரும்பாலும் இருக்கும். அதில் பிரவுன் என்பது ஃபியூஸ்கூட இல்லாமல் பேட்டரியிலிருந்து நேரே வருவது, எப்போதும் உயிருள்ளது. வெள்ளை என்பது சாவியைத் திருப்பினால் உயிர் வருவது. அந்த வெள்ளை ஃபியூஸைக் கடந்த பிறகு பச்சையாகிறது. ஆக, வீட்டுப் பழக்கத்தில் பச்சையைக் கொண்டுபோய் பாடியில் பிடித்தால் நேரடி ஷார்ட். நீலம் ஹெட்லைட்டுக்கு. அதில் வெள்ளைக் கோடு போட்டால் ஹை பீம், சிவப்புக் கோடு போட்டால் டிம். சிவப்பு பின்விளக்குக்கும் சைடு விளக்குக்கும். பிரவுனில் மஞ்சள் கோடு போட்டது சார்ஜிங் எச்சரிக்கை விளக்குக்கு. வெள்ளையில் சிவப்புக் கோடு செல்ஃப் சொலினாய்டுக்கு, அதாவது செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் விடும் காந்த சுவிட்சுக்கு. கறுப்பு மட்டுமே எர்த்.

ஊரில் இருக்கும் வண்டியென்றால் நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். இந்தியத் தயாரிப்புகளில் நிறமுறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதோடு, கைக்குக் கிடைத்த ஒயரை இடையில் மாட்டிய பழைய ரிப்பேர்களும் இருக்கும். கழற்றும்போது நிறத்தைப் பார்க்காமல், முனை எந்தச் சாமானில் மாட்டியிருந்தது என்பதை மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டுங்கள். ஃபோட்டோவும் எடுங்கள். ஆனால் ஃபோட்டோவை மட்டும் நம்பக் கூடாது. கிரீஸ் படிந்த ஒயரில் பச்சையும் நீலமும் ஃபோட்டோவில் ஒன்றாகத்தான் தெரியும்.

எத்தனை ஸ்கொயர் ஒயர், எத்தனை ஆம்பியர் ஃபியூஸ்

வாகனத்துக்கென்று விற்கும் ஒயர் மெல்லிய இழைகள் பல சேர்ந்தது. 2 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயரில் 0.3 மில்லிமீட்டர் இழைகள் 28 இருக்கும். வீட்டு ஒயரில் தடித்த இழைகள் ஏழோ, அல்லது ஒரே கம்பியோ. சுவருக்குள் அசையாமல் கிடப்பதற்கு அது போதும். டிராக்டரின் அதிர்வில் தடித்த கம்பி டெர்மினலை ஒட்டிய இடத்தில் வளைந்து வளைந்தே ஒடிந்துவிடும், அதுவும் உறைக்குள்ளே ஒடியும், வெளியே தெரியாது. சைட்டில் மிஞ்சிய 2.5 ஸ்கொயர் ஒயரை ஊருக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். ஜாலான் புசாரில் சிம் லிம் டவருக்குப் போனால் பல இழை ஒயர், சூட்டில் சுருங்கும் ஸ்லீவ், டெர்மினலை ஒயரில் நசுக்கிப் பிடிக்கும் கிரிம்ப்பிங் கருவி, மல்டிமீட்டர் எல்லாம் ஒரே கட்டடத்தில் கிடைக்கும்.

பிவிசி உறை போட்ட வாகன ஒயரில் 1 ஸ்கொயர் சுமார் 8 ஆம்பியர் தாங்கும், 2 ஸ்கொயர் 17, 3 ஸ்கொயர் 27, 6 ஸ்கொயர் 42. ஆனால் எவ்வளவு தாங்கும் என்பது பாதிக் கேள்விதான். வழியில் எவ்வளவு தொலையும் என்பது மறுபாதி. 1 ஸ்கொயர் செம்பு ஒயருக்கு மீட்டருக்குச் சுமார் 0.018 ஓம் தடை. சுவிட்சைச் சுற்றி விளக்குக்குப் போக 5 மீட்டர் என்று வைத்தால் 0.09 ஓம். இரண்டு ஹெட்லைட்டின் 7.5 ஆம்பியர் அதில் போனால் ஏறக்குறைய 0.7 வோல்ட் காலி. ஒயர் சூடாகாது, தாங்கும், ஆனால் வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 2 ஸ்கொயர் போட்டால் இழப்பு பாதியாகும். அதனால் ஹெட்லைட்டுக்கு 2 ஸ்கொயர், பின்விளக்குக்கும் மீட்டருக்கும் 1 ஸ்கொயர் என்பது என் வழக்கம். ஒரு பின்விளக்கு 5 வாட்தான், அரை ஆம்பியர்கூட இழுக்காது.

செல்ஃப் கேபிளில் மட்டும் கஞ்சத்தனம் கூடவே கூடாது. பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்கு 35 அல்லது 40 ஸ்கொயர், எர்த்துக்கும் அதே தடிமன். பிளஸ்ஸுக்குத் தடித்த கேபிள் போட்டுவிட்டு எர்த்துக்கு மெலிசாக ஒன்றைக் கட்டுவதை அடிக்கடி பார்க்கிறேன். போன 200 ஆம்பியரும் அந்த மெலிசான வழியாகத்தானே திரும்ப வேண்டும்?

ஃபியூஸ் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. ஃபியூஸ் விளக்கைக் காப்பாற்றுவதற்கு அல்ல. ஒயரைக் காப்பாற்றுவதற்கு. உறை தேய்ந்து ஒயர் பாடியைத் தொட்டால், ஒயர் பழுத்துத் தீப்பிடிக்கும் முன் ஃபியூஸ் போய்விட வேண்டும். ஆகவே ஃபியூஸின் அளவு, ஓடும் கரண்ட்டைவிடக் கூடுதலாகவும் ஒயர் தாங்குவதைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். ஹெட்லைட்டுக்கு 7.5 ஓடுகிறது, ஒயர் 17 தாங்கும், எனவே 10 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம் பேட்டரிக்குப் பக்கத்தில், விளக்குக்குப் பக்கத்தில் அல்ல. ஃபியூஸுக்கு முன்னால் உள்ள ஒயருக்கு எந்தக் காவலும் இல்லை.

பழைய டிராக்டர்கள் பலவற்றில் ஃபியூஸே கிடையாது, அல்லது ஒன்றுதான் இருக்கும். டீசல் கசிவும் வைக்கோலும் இருக்கும் இடத்தில் அது எனக்குச் சம்மதமில்லை. பழமை மாறாமல் இருக்க வேண்டும் என்று விரும்புபவர்கள்கூட இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும். ஒயரிங் மாற்றும்போதே நாலைந்து பிளேடு ஃபியூஸ் பெட்டி ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். பழைய லூகாஸ் கண்ணாடி ஃபியூஸே வேண்டுமென்றால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அதில் 35 என்று எழுதியிருப்பது உருகிப்போகும் அளவு. தொடர்ந்து ஓடலாம் என்பது அதில் பாதிதான்.

ஹெட்லைட்டுக்கு ஒரு ரிலேயும், அதாவது சின்னக் கரண்ட்டால் இயங்கிப் பெரிய கரண்ட்டை விடும் சுவிட்சும், போட்டுவிட்டால் நல்லது. பழைய சுவிட்சின் தேய்ந்த தொடுமுனைகள் வழியாக 7.5 ஆம்பியரும் போகத் தேவையில்லை. சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்கும், அதற்கு அரை ஆம்பியர்கூட வேண்டாம். விளக்குக்கான கரண்ட் ஃபியூஸ், ரிலே வழியாக நேராகப் போகும்.

எந்த முனை பாடியில்?

ஒயரை வெட்டும் முன் பேட்டரியின் எந்த முனை பாடியில் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இன்று எல்லா வண்டியிலும் மைனஸ்தான். ஆனால் 1940, 50களின் பிரிட்டிஷ் டிராக்டர்கள் பலவற்றில் பிளஸ்தான் பாடியில் இருக்கும். 1946 முதல் 1956 வரை தயாரான ஃபெர்குசன் டிஇ20 அந்தக் காலத்து வண்டி. இது தெரியாமல் புதுப் பேட்டரியை இன்றைய பழக்கத்தில் மாட்டினால் சிக்கல்.

இழை பல்புக்குத் திசை பற்றிக் கவலையில்லை. எல்இடி விளக்குக்கு உண்டு, திருப்பி மாட்டினால் எரியாது. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவும் பழைய திசையையே நினைவில் வைத்திருக்கும். அதன் இரும்பில் மிச்சமிருக்கும் காந்தம்தான் அந்த நினைவு. மைனஸ் எர்த்துக்கு மாற்றினால் அந்தக் காந்தத்தையும் திருப்ப வேண்டும். டைனமோவின் எஃப் டெர்மினலிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் லைவ் முனையிலிருந்து ஒரு ஒயரால் அந்த டெர்மினலைக் கண நேரம் தொட்டு எடுத்தால் போதும். ஆம்ப் மீட்டரின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்ற வேண்டும். டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் உள்ளே இருக்கும் டயோடுகள் அந்தக் கணமே போய்விடும்.

டைனமோவை வைத்துக்கொள்வதா, ஆல்டர்னேட்டருக்கு மாறுவதா? பண்ணையில் பகலில் மட்டும் ஓடும் வண்டியென்றால் டைனமோ போதும். இரவு உழவு, டிரெய்லர் விளக்கு என்றால் மாறுவதே மேல். லூகாஸ் சி40 டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும், அதுவும் எஞ்சின் வேகமாக ஓடும்போது. 17ஏசிஆர் ஆல்டர்னேட்டர் 36 ஆம்பியர் தரும், மெதுவான ஓட்டத்திலும் கொஞ்சம் தரும். மாற்றினால் டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்திய பழைய கட் அவுட் பெட்டியை இணைப்பிலிருந்து நீக்கிவிட வேண்டும், எர்த்தை மைனஸாக்க வேண்டும், சார்ஜிங் ஒயரை 6 ஸ்கொயராக்க வேண்டும். சில மேஸி ஃபெர்குசன் மாடல்களில் டைனமோவின் பின்பக்கத்திலிருந்துதான் வேகமானிக்கு கேபிள் போகும். டைனமோவைத் தூக்கினால் மீட்டர் நின்றுவிடும், முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆல்டர்னேட்டர் வண்டியில் ஒரு சின்ன விஷயம் பலரை அலையவைக்கிறது. டேஷ்போர்டில் இருக்கும் சார்ஜிங் எச்சரிக்கை பல்பு, 2.2 வாட், வெறும் அறிவிப்பு விளக்கு அல்ல. ஆல்டர்னேட்டர் வேலையைத் தொடங்குவதற்கான முதல் கரண்ட் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸானால் சார்ஜிங்கே தொடங்காமல் போகலாம். புது ஆல்டர்னேட்டருக்குக் காசு கொடுக்கும் முன் அந்த பல்பைக் கழற்றிப் பாருங்கள்.

கையைப் போட்டு வேலை

பேட்டரியில் முதலில் கழற்ற வேண்டியது எர்த் பக்கம், கடைசியாக மாட்ட வேண்டியதும் எர்த் பக்கம். எர்த் கழன்ற பிறகு மறுமுனையில் ஸ்பேனர் போடும்போது அது பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது, சுற்று முழுமையாகாது. வரிசையை மாற்றினால் ஷார்ட்.

பழைய கற்றையை வெட்டி எறிந்துவிடாதீர்கள். முழுசாகக் கழற்றி, தரையில் ஒரு பலகைமேல் விரித்து, அதே நீளத்துக்குப் புது ஒயர்களைப் பக்கத்தில் அடுக்கிக் கட்டுங்கள். எந்தக் கிளை எங்கே பிரிகிறது என்பது அதிலேயே தெரியும். ஸ்டியரிங் பக்கம் வளைய வேண்டிய இடத்திலும் பானெட் திறக்கும் இடத்திலும் கொஞ்சம் தளர்வு விடுங்கள்.

டெர்மினல்களை முறையான கருவியால் கிரிம்ப் செய்து, மேலே பசை உள்ள ஸ்லீவைச் சூடாக்கிச் சுருக்குவதே என் தேர்வு. ஈயம் வைத்துப் பற்றவைத்தால் பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் ஈயம் இழைகளுக்குள் ஊறி அந்த இடத்தை விறைப்பாக்கிவிடும். அதிர்வில் விறைத்த இடம் முடியும் எல்லையில்தான் ஒயர் ஒடியும். கிரிம்ப் செய்ததும் ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் இப்போதே வரட்டும். தகட்டில் துளை வழியாக ஒயர் போகும் இடத்தில் ரப்பர் கிராம்மெட் (துளையின் ஓரம் ஒயரை அறுக்காமல் காக்கும் வளையம்) இல்லாமல் விடாதீர்கள். சைலன்சர் பக்கமும் ஃபேன் பெல்ட் பக்கமும் ஒயர் போகவே கூடாது.

ஒரு இடத்தில் நான் யாருக்கும் சமரசம் சொல்ல மாட்டேன். பல டிராக்டர்களில் கியர் நியூட்ரலில் இருந்தால்தான் செல்ஃப் சுற்றும்படி ஒரு பாதுகாப்பு சுவிட்ச் இருக்கும். பழைய ஃபெர்குசனில் கியர் லீவரையே தனி நிலைக்குத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அந்த சுவிட்ச் கெட்டுப்போனால் இரண்டு ஒயரையும் முறுக்கிச் சேர்த்து "டைரக்ட்" கொடுத்துவிடுவார்கள். கீழே நின்று ஸ்க்ரூடிரைவரால் செல்ஃபில் குறுக்கே தொட்டு ஸ்டார்ட் செய்பவர்களும் உண்டு. வண்டி கியரில் இருந்தால், டீசல் எஞ்சின் பிடித்த அடுத்த நொடி பெரிய பின்சக்கரம் நகரும், நிற்பவர் அதன் பாதையில் இருப்பார். உலகெங்கும் டிராக்டர் ஓட்டுநர்கள் இப்படி இறந்திருக்கிறார்கள். ஒயரிங்கைப் பிரிக்கும்போது அப்படி ஒரு ஒட்டைக் கண்டால், புது சுவிட்ச் வாங்காமல் வேலையை முடிக்காதீர்கள். ஊரில் தம்பி ஓட்டும் வண்டி என்றால் வீடியோவில் கேட்டே தெரிந்துகொள்ளலாம்: "கியர்ல போட்டுட்டு சாவியைத் திருப்பு, செல்ஃப் சுத்துதா?" கிளட்ச்சை முழுக்க மிதித்துக்கொண்டு, நிறுத்தும் குமிழையும் இழுத்து வைத்துச் செய்யச் சொல்லுங்கள். சுற்றினால் அந்த மாடலில் சுவிட்ச் எங்கே இருக்கிறது, யார் அதைத் தாண்டி ஒயர் கொடுத்தது என்று பார்த்துவிட வேண்டும்.

முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது

எல்லாம் மாட்டி முடித்ததும் நேரே பேட்டரியை இணைக்காதீர்கள். ஃபியூஸ்களை மாட்டி, எல்லா சுவிட்சையும் அணைத்து, பேட்டரியின் எர்த் முனைக்கும் எர்த் கேபிளுக்கும் நடுவே ஒரு 21 வாட் பல்பை மாட்டுங்கள். எங்கேயாவது ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும். அதன் வழியே 2 ஆம்பியருக்கு மேல் போக முடியாது என்பதால் எந்த ஒயரும் பாழாகாது. எரிந்தால் ஒவ்வொரு இணைப்பாகப் பிரித்துக்கொண்டே வாருங்கள், பல்பு அணையும் இடத்தில் கோளாறு. எரியவில்லை என்றால் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பாருங்கள். பின்விளக்கைப் போட்டால் பல்பு மங்கலாக எரியும், அது சரிதான். செல்ஃபை மட்டும் இந்த நிலையில் தொடாதீர்கள்.

அப்புறம் பல்பை எடுத்துவிட்டு எர்த்தை மாட்டி, மல்டிமீட்டரை பேட்டரியில் வையுங்கள். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் பக்கம் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. செல்ஃப் சுற்றும்போது 10-க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்காமலும் செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் பேட்டரியை விட்டுவிட்டுக் கேபிளையும் எர்த்தையும் அளக்க வேண்டும். எஞ்சின் ஓடி, வேகத்தைக் கொஞ்சம் ஏற்றியதும் 13.8 முதல் 14.4-க்குள் நிற்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் சரியில்லை, பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றும்.

கடைசியாக ஹெட்லைட்டை எரியவிட்டு, பேட்டரியில் ஒரு தரமும், ஹெட்லைட்டின் பின்னால் பல்பு முனைகளிலேயே ஒரு தரமும் அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் வேலை முடிந்தது. அதற்கு மேல் என்றால், மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையை பல்பின் பிளஸ்ஸிலும் வைத்தால் போகும் வழியில் தொலைவது தெரியும், மைனஸுக்கு மைனஸ் வைத்தால் திரும்பும் வழியில் தொலைவது தெரியும். எந்த எண் பெரியதோ அந்த வழியில் ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டு போங்கள். அந்த அளவுகளை ஒரு தாளில் எழுதி, நீங்கள் வரைந்த ஒயரிங் படத்தோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு டூல் பாக்ஸில் வைத்துவிடுங்கள். அடுத்த தடவை விளக்கு மங்கும்போது, எது மாறியிருக்கிறது என்று ஒப்பிட அந்தத் தாள் வேண்டும்.